தனியாக இருக்க ஒரு காரணம்

லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் 1960இல் விவாகரத்து செய்துகொண்டார்கள். இருபது ஆண்டு மணவாழ்க்கை அத்தோடு முடிந்தது. 'ஐ லவ் லூசி' தொடரில் கணவன் மனைவியாக நடித்த நிஜக் கணவன் மனைவி அவர்கள். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த எந்த அமெரிக்க வீட்டிலும் அவர்களைத் தெரியாதவர் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், லூசில் பால் 'தி லூசி ஷோ' என்ற புதிய தொடரில் தனியாகத் திரும்பி வந்தார். அதில் அவர் ஏற்ற லூசி கார்மைக்கேல் இரண்டு குழந்தைகளின் தாய். கணவன் இல்லை. ஏன் இல்லை? இறந்துவிட்டான்.

நிஜத்தில் விவாகரத்தானவர், திரையில் கைம்பெண். அதே வீட்டில் மகனோடு குடியிருக்கும் தோழி விவியன் பேக்லிதான் கதைப்படி விவாகரத்தானவர். அமெரிக்க மாலை நேரத் தொடர்களில் நிலையாக இடம்பெற்ற முதல் விவாகரத்தான பெண் பாத்திரம் விவியன்தான் என்று தொலைக்காட்சி வரலாற்றை எழுதுபவர்கள் சொல்வதுண்டு. தோழியாக இருப்பவள் விவாகரத்தானவளாக இருக்கலாம், நாயகி இருக்கக் கூடாது. இறந்துபோன கணவன் விட்டுச்சென்ற பணம்கூட லூசியின் கையில் இல்லை. அதை ஒரு வங்கிக்காரர் நிர்வகிக்கிறார். ஒவ்வொரு செலவுக்கும் அவரிடம் போய் நிற்பதுதான் பல எபிசோடுகளின் நகைச்சுவை. இதே 1962இல்தான் நிஜ லூசில் பால், முன்னாள் கணவரின் பங்குகளை விலைக்கு வாங்கி, டெசிலு ஸ்டூடியோவின் தலைவரானார். ஒரு ஸ்டூடியோவையே நடத்திய பெண், திரையில் தன் செலவுக்குப் பணம் கேட்டு நின்றார்.

இந்த முரணைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க சிட்காம்களின் எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒரு விதி தெளிவாகத் தெரிகிறது. திருமணமான பெண்ணிடம் "ஏன் கல்யாணம் செய்துகொண்டாய்?" என்று எந்தத் தொடரும் கேட்டதில்லை. தனியாக இருக்கும் பெண்ணிடம் "ஏன் தனியாக இருக்கிறாய்?" என்று ஒவ்வொரு தொடரும் முதல் எபிசோடிலேயே கேட்டுவிடும். அவள் சொல்லும் பதில் ஏற்கப்பட்டால்தான் தொடர் ஒளிபரப்பாகும். எந்தக் காலத்தில் எந்தப் பதில் ஏற்கப்பட்டது, அதை யார் முடிவு செய்தார்கள் என்பதே சிட்காமில் தனித்து வாழும் பெண்ணின் வரலாறு.

மணமான வீடு

சிட்காமின் இலக்கணம் எளிது. அரை மணி நேரம், அதே மனிதர்கள், அதே சோபா. ஒரு சிக்கல் வரும், சிரிப்பார்கள், சிக்கல் தீரும், எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். வானொலியிலிருந்து இந்த வடிவம் தொலைக்காட்சிக்கு வந்தபோது அதற்குப் பணம் கொடுத்தவை சோப்பு, சிகரெட், சமையலறைச் சாதனக் கம்பெனிகள். வீட்டுக்கு வேண்டிய பொருள்களை விற்பவர்களுக்கு ஒரு வீடு தேவை. அந்த வீட்டில் வாங்குவதற்கு ஒரு மனைவி தேவை.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகளுக்கு அழைக்கப்பட்ட பெண்கள் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1950இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமணத்துக்கான இடைநிலை வயது 20.3. அதாவது மணமான பெண்களில் பாதிப் பேர் அந்த வயதுக்குள் மணமானவர்கள். 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' என்று ஒரு தொடருக்கே பெயர் வைத்தார்கள். அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அதன் பொருள். 'லீவ் இட் டு பீவர்' தொடரின் அம்மா ஜூன் கிளீவர் முத்துமாலை அணிந்துகொண்டே வீட்டு வேலை செய்வார். அந்த வேடத்தில் நடித்தவருக்குக் கழுத்தில் இருந்த ஒரு பள்ளத்தை மறைக்கவே அந்த மாலை. ஆனால் பார்த்தவர்கள் அதை இல்லத்தரசியின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இந்த வரிசையில் வந்ததுதான் என்றாலும், அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். லூசி ரிக்கார்டோவுக்கு அன்பான கணவன் இருக்கிறான், நியூயார்க்கில் வீடு இருக்கிறது, பக்கத்திலேயே தோழி எத்தல் இருக்கிறாள். இருந்தும் வாராவாரம் அவள் செய்வது ஒன்றே: வீட்டை விட்டு வெளியே போகப் பார்ப்பது. கணவன் ரிக்கி ஆடல்பாடல் கலைஞன். அவனுடைய மேடையில் தானும் ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. அவன் மறுப்பான். அவள் மாறுவேடம் போட்டாவது உள்ளே நுழைவாள். குழப்பம் வரும். கடைசியில் மன்னிப்பு கேட்டு வீடு திரும்புவாள். 1952இல் வந்த மிகப் புகழ்பெற்ற எபிசோடில் லூசியும் எத்தலும் சாக்லேட் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறார்கள், கணவர்கள் வீட்டில் சமைக்கிறார்கள். நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வாயிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்ளும் லூசியைப் பார்த்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பின் முடிவு என்ன? ஆணுக்குச் சமையல் வராது, பெண்ணுக்கு வேலை வராது, அவரவர் இடத்துக்குப் போய்விடலாம். மகிழ்ச்சியான மணவாழ்க்கையைக் காட்டிய தொடர், அதிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் மனைவியை வைத்தே ஓடியது.

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில்தான் படுப்பார்கள். லூசில் பால் நிஜமாகவே கருவுற்றபோது அதைக் கதையில் சேர்த்தார்கள். ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்டு போதகர், ஒரு யூத ரபி மூவரும் அந்தக் கதைகளைப் பார்த்துச் சம்மதித்தார்கள். ஜனவரி 19, 1953 அன்று திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்தபோது சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த நாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

உழைக்கும் வர்க்கத்து மணவாழ்க்கையைக் காட்டிய 'தி ஹனிமூனர்ஸ்' (1955-56) வேறு மாதிரி. புரூக்ளினில் ஓர் இருண்ட வீடு, பேருந்து ஓட்டுநர் ரால்ஃப், அவன் மனைவி ஆலிஸ். கோபம் வரும்போதெல்லாம் ரால்ஃப் முட்டியை மடக்கி, ஒரு குத்தில் நிலாவுக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவான். அடிக்க மாட்டான். ஆலிஸ் பயப்பட மாட்டாள். கடைசியில் அவளை அணைத்துக்கொள்வான். கணவனின் ஓங்கிய கையைப் பார்த்து அரங்கம் சிரித்தது. மனைவி மீதான வன்புணர்வைக் குற்றமாகக் கருதாத சட்டம் 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் இருந்தது. எல்லா மாநிலங்களிலும் அது குற்றமாக 1993 ஆயிற்று. அந்தச் சிரிப்பு இப்படிப்பட்ட ஒரு நாட்டில் எழுந்தது.

அதே காலத்தில் தனியாக இருந்தவள் யார்? 'அவர் மிஸ் புரூக்ஸ்' (1952-56) தொடரின் ஆங்கில ஆசிரியை கானி புரூக்ஸ். திருமணமான பெண்களை ஆசிரியர் வேலையில் வைத்துக்கொள்வதில்லை என்ற விதி அமெரிக்காவின் பல ஊர்களில் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை இருந்தது. கல்யாணமாகாத டீச்சர் என்ற உருவத்தை உருவாக்கியது அந்த விதிதான். தொடர் அதைப் பற்றிப் பேசவில்லை. கூர்மையான நாக்குடைய, மாணவர்கள் விரும்பும் ஆசிரியையான கானி, உயிரியல் ஆசிரியர் பாயிண்டன் தன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1956இல் அதைத் திரைப்படமாக்கி இருவருக்கும் மணமுடித்து வைத்தார்கள். அன்று தனியாக இருக்க ஏற்கப்பட்ட பதில் இது: "தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அமையவில்லை."

இரக்கத்துக்குரியவள்

பெட்டி ஃபிரீடன் 1963இல் 'தி ஃபெமினின் மிஸ்டீக்' நூலை வெளியிட்டார். படித்த இல்லத்தரசிகளின் பெயரில்லாத மனச்சோர்வைப் பற்றிய நூல் அது. அடுத்த ஆண்டு அவர் 'டிவி கைடு' இதழில் தொலைக்காட்சிப் பெண்களைப் பற்றியும் எழுதினார். அதே 1964இல் தொடங்கிய 'பிவிட்ச்டு' தொடரில் மனைவி சமந்தா ஒரு மந்திரக்காரி. விரலைக்கூட அசைக்க வேண்டாம், மூக்கை அசைத்தால் போதும், எதுவும் நடக்கும். மணமான கையோடு கணவன் டாரின் கேட்பது ஒன்றுதான்: மந்திரத்தை விட்டுவிடு, சாதாரண மனைவியாக இரு. அவளும் சம்மதிக்கிறாள். மகளின் ஆற்றலை முடக்கிய மருமகனின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல மறுக்கும் தாய் எண்டோரா, அந்த வீட்டில் கேட்கப்பட வேண்டிய கேள்வியை வாராவாரம் கேட்டாள். கேட்பவளை வில்லத்தனமான மாமியாராக்கிவிட்டால் கேள்வியையும் சிரித்துக் கடந்துவிடலாம்.

கணவனில்லாத நாயகிக்கு அறுபதுகளில் பாதுகாப்பான பதில் மரணம். 1968இல் வந்த 'ஜூலியா' தொடரில் டயஹன் கேரல் செவிலியாக நடித்தார். வீட்டு வேலைக்காரியாக அல்லாமல், படித்த, சொந்தக்காலில் நிற்கும் கறுப்பினப் பெண்ணை மையமாக வைத்த முன்னோடித் தொடர் அது. ஜூலியாவின் கணவன் விமானி, வியட்நாம் போரில் உயிரிழந்தவன். இங்கே கேள்வி இரட்டிப்பாகிறது. கறுப்பினக் குடும்பங்களில் தந்தை இல்லாததே அவர்களின் வறுமைக்குக் காரணம் என்று வாதிட்ட மொய்னிஹன் அறிக்கை 1965இல் வெளிவந்திருந்தது. எனவே ஜூலியாவைப் பார்த்த கறுப்பின விமர்சகர்கள் சிலர், ஒரு கறுப்பினத் தந்தையை ஏன் உயிரோடு காட்ட முடியவில்லை என்று கேட்டார்கள். வெள்ளைக்காரப் பெண் தனியாக இருந்தால் அது அவளுடைய கதை. கறுப்பினப் பெண் தனியாக இருந்தால் அது அவளுடைய இனத்தின் மீதான குற்றச்சாட்டு. ஒரே கேள்வி எல்லாப் பெண்களிடமும் ஒரே குரலில் கேட்கப்படுவதில்லை.

இதற்கிடையே 1966இல் 'தட் கேர்ள்' வந்தது. நடிகையாகும் கனவோடு நியூயார்க்கில் தனியாக வீடெடுத்துத் தங்கும் ஆன் மேரியாக மார்லோ தாமஸ் நடித்தார். காதலன் உண்டு. கடைசிப் பருவத்தில் நிச்சயமும் ஆனது. தொடர் 1971இல் முடிந்தபோது கல்யாணத்தோடு முடிக்க வேண்டும் என்று சேனல் விரும்பியது. தாமஸ் மறுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு, கல்யாணம்தான் ஒரே முடிவு என்று சொல்ல அவர் தயாராக இல்லை. கடைசி எபிசோடில் ஆன் தன் காதலனைப் பெண் விடுதலைக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள்.

மேரி கேட்ட ஐம்பது டாலர்

செப்டம்பர் 1970இல் 'தி மேரி டைலர் மூர் ஷோ' தொடங்கியது. மேரி ரிச்சர்ட்ஸ் முப்பது வயதுப் பெண். அந்த ஆண்டில் அமெரிக்கப் பெண்களின் முதல் மண இடைநிலை வயது 20.8. ஊரார் கணக்கில் மேரி பத்தாண்டு தாமதம். அவரை விவாகரத்தானவராகக் காட்டவே ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் விரும்பினார்கள். சி.பி.எஸ். ஒப்பவில்லை. மூர் முந்தைய தொடரில் டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்திருந்ததால், அந்த நல்ல மனிதரை இவர் விவாகரத்து செய்துவிட்டதாக மக்கள் நினைப்பார்களாம். மக்களுக்குப் பிடிக்காதவை நான்கு என்று சேனல் தரப்பில் ஒருவர் சொன்னதாகத் தயாரிப்பாளர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்: நியூயார்க்காரர்கள், யூதர்கள், மீசை வைத்தவர்கள், விவாகரத்தானவர்கள். கடைசியில் மேரிக்கு வேறொரு காரணம் கொடுத்தார்கள். நிச்சயம் முறிந்து மினியாபொலிசுக்கு வந்தவர். கணவனின் சாவு வேண்டியிருக்கவில்லை, ஆனால் முறிந்துபோன ஓர் உறவு வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தபின் தொடர் துணிச்சலாகவே நடந்துகொண்டது. 1972இல் ஓர் எபிசோடில், தனக்கு முன் அதே வேலையைச் செய்த ஆணுக்கு வாரம் 50 டாலர் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது மேரிக்குத் தெரியவருகிறது. முதலாளி லூ கிராண்டிடம் காரணம் கேட்கிறாள். அவன் ஆண், காப்பாற்றக் குடும்பம் இருந்தது என்கிறார் அவர். அப்படியானால் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தானே சம்பளம் தர வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறாள் மேரி. கல்யாணம் ஆகாதவளுக்குச் செலவு இல்லை, அவள் சம்பளம் கைச்செலவுக்கு என்ற நினைப்பை நம் அலுவலகங்களும் அறியும்.

அதே ஆண்டில் வந்த இன்னொரு காட்சியில், வீட்டைவிட்டுக் கிளம்பும் மேரியின் அம்மா, மாத்திரை சாப்பிட மறக்காதே என்கிறார். அப்பாவும் மேரியும் ஒரே குரலில் மறக்க மாட்டேன் என்கிறார்கள். மேரியின் மாத்திரை எது என்று எல்லோருக்கும் புரிந்தது. இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. கருத்தடை பற்றி முடிவெடுக்கும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இல் மணமான தம்பதிகளுக்கு மட்டுமே உறுதி செய்தது. மணமாகாதவர்களுக்கும் அது உண்டு என்று தீர்ப்பு வர 1972 ஆயிற்று. பாலினத்தையோ மணநிலையையோ காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974இல்தான் வந்தது. மேரி தொலைக்காட்சியில் வாடகை வீட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த முதல் சில ஆண்டுகளில், அவளைப் போன்ற நிஜப் பெண்ணுக்கு வங்கி கடன் மறுக்கலாம். தனித்து வாழ்வதை அன்று ஒரு பெண்ணின் விருப்பம் மட்டும் தீர்மானிக்க முடியாது. வங்கியும் நீதிமன்றமும் மருந்துக்கடையும் அனுமதிக்க வேண்டியிருந்தது.

மேரியின் தோழி ரோடா நியூயார்க்காரி, யூதப் பெண். அவளுக்கென்று 1974இல் தனித்தொடர் கொடுத்தார்கள். எட்டாவது எபிசோடிலேயே கல்யாணம். 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மணமான ரோடாவுக்கு எழுத எதுவும் இல்லை என்று எழுதியவர்களே தடுமாறினார்கள். மூன்றாம் பருவத்தில் தம்பதியைப் பிரித்தார்கள். இப்போது பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். முதல் பத்துக்குள் இருந்த தொடர் முப்பதுக்குக் கீழே போனது. தனித்து வாழும் ரோடாவை விரும்பினார்கள், மணமகள் ரோடாவைக் கொண்டாடினார்கள், கணவனை விட்டு வந்த ரோடாவை மன்னிக்கவில்லை. இன்னும் ஆகாதவளுக்கும் ஆனபின் வந்துவிட்டவளுக்கும் இடையே சமூகம் எவ்வளவு தடித்த கோடு போட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்தக் கோடு அப்போதே அழியத் தொடங்கியிருந்தது. நான்காவது கணவனோடு வாழும் 47 வயது 'மாட்', 1972 நவம்பரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே, திரையில் கருக்கலைப்பைத் தேர்ந்தெடுத்தாள். அந்தக் கதையை எழுதியவர் சூசன் ஹாரிஸ். குழந்தைகளைத் தனியாக வளர்த்த விட்னி பிளேக், தன் கணவர் ஆலன் மானிங்ஸோடு சேர்ந்து 'ஒன் டே அட் எ டைம்' தொடரை உருவாக்கினார். 1975இல் தொடங்கிய அதில் ஆன் ரொமானோ இரண்டு பதின்வயது மகள்களோடு இண்டியானாபொலிசில் வாழும் விவாகரத்தான பெண். செல்வியா திருமதியா என்று பிரிக்காத 'மிஸ்' என்ற புதிய முன்னொட்டால்தான் தன்னை அழைக்க வேண்டும் என்பாள். லூசில் பாலுக்கு 1962இல் மறுக்கப்பட்ட நாயகி பதின்மூன்று ஆண்டுகளில் வந்துவிட்டாள்.

"நானே தேர்ந்தெடுத்தேன்"

அடுத்த பதில் ஏற்கப்படுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

சூசன் ஹாரிஸ் 1985இல் 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடரை உருவாக்கினார். மயாமியில் பிளாஞ்சின் வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு மூத்த பெண்கள். மூவர் கணவனை இழந்தவர்கள். டோரத்தியை 38 ஆண்டு வாழ்க்கைக்குப் பிறகு கணவன் ஓர் இளம் விமானப் பணிப்பெண்ணுக்காக விட்டுப்போனான். கணவன் இல்லாத முதுமை, இரக்கத்துக்குரிய தனிமையாக இல்லாமல், நள்ளிரவில் சமையலறையில் சீஸ் கேக் தின்றுகொண்டு பேசும் கூட்டு வாழ்க்கையாக இருந்தது. ஆனால் மே 9, 1992 அன்று வந்த கடைசி எபிசோடில் டோரத்திக்குக் கல்யாணம் செய்துவைத்து வீட்டைவிட்டு அனுப்பினார்கள். மற்ற மூவரை வைத்து வந்த அடுத்த தொடர் ஓர் ஆண்டுக்கு மேல் ஓடவில்லை.

சரியாக ஒன்பது நாள் கழித்து, மே 18 அன்று, 'மர்ஃபி பிரவுன்' தொடரில் நாற்பது வயதைக் கடந்த செய்தியாளர் மர்ஃபி ஒரு மகனைப் பெற்றெடுத்தாள். தந்தை அவளுடைய முன்னாள் கணவன், அவன் பொறுப்பேற்கவில்லை. தனியாக வளர்ப்பது என்று அவளே முடிவெடுத்தாள். மறுநாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேசிய துணை அதிபர் டான் குவேல், தந்தையின் முக்கியத்துவத்தை மர்ஃபி கேலி செய்கிறாள், தனியாகப் பிள்ளை பெறுவதை இன்னொரு வாழ்க்கை முறையாக்குகிறாள் என்று குற்றம் சாட்டினார். ஒரு நாட்டின் துணை அதிபர் இல்லாத ஒரு பெண்ணைக் கண்டித்தது இன்று வேடிக்கையாகத் தெரியலாம். அந்தப் பேச்சின் சூழல் வேடிக்கையல்ல. மூன்று வாரங்களுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பற்றியெரிந்திருந்தது. கறுப்பின மனிதர் ஒருவரை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டதே அதற்குக் காரணம். குவேல் அதன் வேரைக் குடும்ப விழுமியங்களின் சிதைவில் தேடினார். மர்ஃபியின் பெயரைச் சொன்னாலும் கல் விழுந்தது ஏழைக் கறுப்பினத் தாய்மார்கள் மீது. நான்கு ஆண்டு கழித்து வந்த நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், வெற்றிகரமான சமூகத்தின் அடித்தளம் திருமணம் என்ற அறிவிப்போடுதான் தொடங்கியது. உதவித்தொகை வாங்கும் தாய்மாரின் மீதான பிடி அதில் இறுகியது. பணமும் பெயரும் உள்ள மர்ஃபி "நானே தேர்ந்தெடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. அதே பதிலைச் சொல்ல வசதியில்லாதவர்களுக்குச் சட்டம் பதில் சொன்னது.

இளமைக்கு மட்டும்

தொண்ணூறுகளில் தனித்து வாழும் பெண்கள் திரையில் பெருகினார்கள். யெவெட் லீ பவுசர் 1993இல் உருவாக்கிய 'லிவிங் சிங்கிள்' தொடரில் கதீஜா என்ற பெண் புரூக்ளினில் தோழிகளோடு வசித்தபடி சொந்தமாகப் பத்திரிகை நடத்தினாள். மறு ஆண்டு, அதே நகரத்தில், ஆறு வெள்ளை நண்பர்களோடு 'ஃபிரெண்ட்ஸ்' வந்தது. இரண்டையும் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ்தான். விளம்பரமும் உலகப் புகழும் எதற்குப் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. நம் கல்லூரி விடுதிகளில் இன்றும் கைபேசியில் ஓடுவது எது என்று பார்த்தாலே தெரியும்.

'ஃபிரெண்ட்ஸ்' தொடங்கும்போது ரேச்சல் மணமேடையை விட்டு ஓடி, மணப்பெண் உடையிலேயே காபிக் கடைக்குள் நுழைகிறாள். அப்பாவின் பணத்தில் வாழ உதவிய கிரெடிட் கார்டுகளை வெட்டிப் போடுகிறாள். பரிமாறும் வேலைக்குச் சேர்கிறாள். பத்தாண்டுகளில் ஃபேஷன் துறையில் உயர்கிறாள். 2004 மே மாதம், 5 கோடிக்கும் அதிகமானவர்கள் பார்த்த கடைசி எபிசோடில், பாரிஸ் வேலையை உதறிவிட்டு விமானத்திலிருந்து இறங்கி ராஸிடம் வருகிறாள். மோனிகாவுக்கும் ஃபீபிக்கும் ஏற்கெனவே மணமாகிவிட்டது. அதே ஆண்டில் முடிந்த 'செக்ஸ் அண்ட் தி சிட்டி'யும் நான்கு பெண்களையும் நான்கு ஆண்களோடு சேர்த்துவைத்துத்தான் விடைபெற்றது. தனியாக இருக்க இப்போது சாவும் வேண்டாம், முறிவும் வேண்டாம். வயது போதும். "இளமைதானே, இருக்கட்டும்" என்பதே புதிய பதில். அதற்குக் காலாவதித் தேதி உண்டு.

இதே ஆண்டுகளில் மணவாழ்க்கையைக் காட்டிய தொடர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்', 'தி கிங் ஆஃப் குவீன்ஸ்' இரண்டிலும் கணவன் வளர்ந்த குழந்தை. வீட்டு வேலையிலிருந்து நழுவுவான், பொய் சொல்வான், மாட்டிக்கொள்வான். மனைவி கத்துவாள். கல்யாணம் என்றால் ஆணுக்குச் சிறை, பெண்ணுக்கு முடியாத வேலை என்று வாராவாரம் சிரித்தார்கள். தனித்து வாழும் வீட்டிலோ நண்பர்கள், வெளிச்சம், பேச்சு. ஆனால் எல்லாத் தொடரும் பெண்களை இரண்டாவது வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கே அனுப்பி முடிந்தன. கேலி செய்த அதே இடத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். கதை முடிந்தபிறகும் தனியாக இருக்கும் பெண்ணைத் திரையில் விட்டுவிட்டுப் போக அவர்களுக்குத் துணிவில்லை. 1977இல் மேரி ரிச்சர்ட்ஸை விட்டார்கள். வேலை போய், நண்பர்களைக் கட்டிப்பிடித்து அழுது, விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக நடந்து போனாள். கால் நூற்றாண்டு கழித்து வந்த ரேச்சலுக்கு அது வாய்க்கவில்லை. வரலாறு எப்போதும் முன்னோக்கியே போகும் என்ற நம்பிக்கையை இது கொஞ்சம் அசைக்கிறது.

தமிழ் வீடு

இந்த வரலாற்றில் ஒரு தமிழ்க் குடும்பமும் சேர்ந்துவிட்டது. மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் இருவரும் உருவாக்கி, 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' நகைச்சுவைத் தொடரின் நாயகி தேவி, கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்தவர் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவியின் அம்மா நளினி தோல் மருத்துவர். அப்பா மோகன் இறந்துவிட்டார். அறுபது ஆண்டுக்கு முன் லூசிக்குக் கொடுக்கப்பட்ட அதே பதில்.

ஆனால் தமிழ் வீட்டுக்குள் அந்தப் பதிலின் எடையே வேறு. கைம்மை, அமெரிக்க சிட்காமில் ஒரு பெண் தனியாக இருக்க மிகவும் மரியாதையான காரணம். நம் ஊரில் அது பூவையும் பொட்டையும் பறித்தது, மங்கல காரியங்களில் பின்வரிசைக்குத் தள்ளியது, சுமங்கலி என்ற சொல்லால் மற்ற பெண்களிடமிருந்து பிரித்துவைத்தது. அங்கே அனுமதியாக இருந்தது இங்கே தண்டனையாக இருந்தது. அத்தை மகள் கமலா, பார்த்து வைத்த மாப்பிள்ளை வந்திருக்கும் விருந்திலிருந்து எழுந்து போகிறாள். பிறகு தனி வீடு பார்த்துக் குடியேறுகிறாள். நளினி கணவனை இழந்த துக்கத்தோடு இன்னொருவரை விரும்பவும் செய்கிறாள். கூடவே வசிப்பவர் மாமியார் நிர்மலா, அவரும் கணவனை இழந்தவர்.

இந்தத் தொடரும் கல்யாணத்தோடுதான் முடிகிறது. பழைய பழக்கம் விடவில்லை. ஆனால் கடைசி எபிசோடில் மணமகளாக வருவது தேவியோ கமலாவோ அல்ல, நளினியும் அல்ல. பாட்டி நிர்மலா. மருமகளும் பேத்தியும் கூட இருக்க, ஒரு மாமியார் தன் கல்யாணத்துக்குத் தயாராகிறார். எங்கள் பாட்டிகளில் பலர் கல்யாண வீட்டின் பின்கட்டில் நின்றவர்கள். அவர்களிடம் யாரும் "ஏன் தனியாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டதுகூட இல்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.